பனிமலையில் ஒரு மாதக் குடித்தனம்

ஆல்ப்ஸ் மலையில் பனிச்சறுக்கு விடுமுறை என்றால் ஏழு நாள் என்பது எழுதாத சட்டம். பிரான்சில் வாடகை வீடுகள் பெரும்பாலும் சனிக்கிழமைதோறும் கைமாறும். பயிற்சி வகுப்பு ஞாயிறோ திங்களோ தொடங்கி வெள்ளியோடு முடியும். லிஃப்ட் பாஸ் ஆறு நாளுக்கு. வாடகைக் காலணியும் ஆறு நாளுக்கு. எல்லாமே வாரக் கணக்கில் ஓடும் இந்த ஊர்களுக்கு மூன்று, நான்கு வயதுக் குழந்தையோடு ஒரு மாதம் தங்க வருகிற குடும்பம் முதல் நாளிலிருந்தே விதிவிலக்குக் கேட்க வேண்டியிருக்கும். ஆனாலும் அப்படி வருகிறவர்கள் இருக்கிறார்கள். மடிக்கணினி இருந்தால் எங்கிருந்தும் வேலை பார்க்கலாம் என்றான பிறகு, முழு வருட விடுப்பையும் ஒரே மூச்சில் செலவழிக்காமலேயே இது முடிகிறது.

வாரப் பயணத்துக்கென்று குவிந்துகிடக்கும் அறிவுரைகளை நான்கால் பெருக்கினால் மாதத் திட்டம் கிடைத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது ஏன் சரிவராது என்று தெரியும். நான்கு வயதுக் குழந்தை ஒரு மாதத்தில் 12 முதல் 15 நாள் சறுக்கினால் அதிகம். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் என்று வைத்தால் மொத்தம் 30 மணி நேரம். அதே மாதத்தில் அந்தக் குழந்தை விழித்திருக்கும் நேரம் ஏறக்குறைய 380 மணி. பத்தில் ஒரு பங்குகூடப் பனிச்சறுக்குக்குப் போவதில்லை. மீதி நேரமெல்லாம் வீடு, தெரு, கடை, குளியல், சாப்பாடு, ஜலதோஷம். ஆகவே வாரப் பயணத்துக்கு மலையைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுக்கலாம். மாதத்துக்கு முதலில் ஊரைப் பார்க்க வேண்டும், மலை பிறகுதான் என்பது என் கட்சி.

வயதிலிருந்து தொடங்கலாம். 1945-ல் தொடங்கிய, சிவப்புச் சட்டைப் பயிற்சியாளர்களால் எல்லோருக்கும் அடையாளம் தெரிந்த பிரெஞ்சுப் பனிச்சறுக்குப் பள்ளி மூன்று வயது நிறைந்த குழந்தைகளை ‘பியூ பியூ’ என்ற மழலையர் திடலில் சேர்த்துக்கொள்கிறது. கதவு அங்கே திறக்கிறது. மூடுவதோ பள்ளிக்கூடத்தின் கையில். பிரான்சில் 2019 முதல் மூன்று வயதிலேயே கல்வி கட்டாயம். சுவிட்சர்லாந்தின் பெரும்பாலான மாநிலங்களில் நான்கு வயதில், இங்கிலாந்தில் ஐந்தில், ஜெர்மனியில் ஆறில். இந்தியாவில் கல்வி உரிமைச் சட்டம் ஆறு வயதிலிருந்து பேசுகிறது. பிள்ளையைப் பள்ளியிலிருந்து ஒரு மாதம் நிறுத்த அரசாங்கத்துக்குப் பதில் சொல்லவேண்டிய நிலை வருவதற்கு முன்னால், கால்களுக்குப் பலம் வந்த பின்னால், இடையில் இருப்பது இரண்டு மூன்று குளிர்காலங்கள்தான். பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் மலையிலேயே இப்படி ஒரு மாதம் தங்க முடியாது என்பது இதில் ஒரு வேடிக்கை.

மூன்று வயதா, ஐந்து வயதா என்ற வாதம் பனி ஊர்களில் ஓயாமல் நடக்கும். சீக்கிரம் தொடங்கினால் பயம் ஏறாது என்பது ஒரு பக்கம். மூன்று வயதில் தொடை தாங்காது, காலணியின் கனத்தில் களைத்துப்போகும், கழிப்பறைக்குப் போகவேண்டும் என்று கையுறையோடும் ஓவர்கோட்டோடும் நிற்கும்போது சொல்லும் என்பது மறுபக்கம். இரண்டிலும் உண்மை உண்டு. ஒரு வாரம்தான் கையில் இருக்கிறது என்றால் மூன்று வயதுக் குழந்தையைக் கூட்டிப்போவது பணத்துக்குக் கேடு. மாதம் இருந்தால் பழுதில்லை. முதல் வாரம் முழுக்கப் பனியில் உட்கார்ந்து வாளியில் அள்ளிக் கொட்டினாலும் யாருக்கும் நஷ்டமில்லை. என்றாலும் நாலரையிலிருந்து ஐந்தரை வரை உள்ள வயதே இதற்கு வாகானது. சொன்னது புரியும், வரிசையில் நிற்கும், கால் வலிக்கிறது என்பதற்கும் சலிப்பாக இருக்கிறது என்பதற்கும் வேறுபாடு சொல்லத் தெரியும்.

எந்த மாதம் என்பதைத் தீர்மானிப்பது பனியைவிடப் பள்ளி விடுமுறை அட்டவணைதான். பிரான்ஸ் தன்னை மூன்று மண்டலங்களாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரம் குளிர்கால விடுமுறை விடுகிறது. மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பதால் பிப்ரவரி தொடக்கத்திலிருந்து மார்ச் முதல் வாரம் வரை நான்கு வாரம் நெரிசல். நடுப் பிப்ரவரியில் பிரிட்டனின் அரைப்பருவ விடுமுறை. அதே மாதத்தில் டச்சுக்காரர்களும் சுவிஸ் மாநிலங்களும் வருவார்கள். இந்தக் காலத்தில் மாத வாடகை கேட்டால் வீட்டுக்காரர் சிரிப்பார். நான்கு வாரத்தையும் நான்கு பேருக்கு உச்ச விலையில் விற்கத் தெரிந்தவர் அவர். எஞ்சுவது இரண்டு இடைவெளிகள். புத்தாண்டுக் கூட்டம் வடிந்த பிறகு ஜனவரி இரண்டாம் வாரத்திலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை ஒன்று. மார்ச் இரண்டாம் வாரத்திலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை மற்றொன்று. ஈஸ்டர் எப்போது விழுகிறது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஜனவரிக்கு வாதாடுகிறவர்கள் பலர். வாடகை மலிவு, பனி உலர்ந்தது, சரிவுகள் காலி. ஆனால் ஜனவரி நடுவில் ஆல்ப்ஸில் பகல் ஏறக்குறைய ஒன்பது மணி நேரம்தான். லாட்டர்புரூனன், ஷமோனி போன்ற ஆழமான பள்ளத்தாக்குகளில் வெயில் மலைமுகட்டைத் தாண்டி இறங்க முற்பகல் ஆகிவிடும். 1,800 மீட்டரில் காலை எட்டரை மணிக்கு மைனஸ் 12 டிகிரி என்பது அங்கே செய்தியே இல்லை. குழந்தை வகுப்போ ஒன்பதுக்குத் தொடங்கும். சின்ன உடம்பு எடைக்குத் தகுந்ததைவிட அதிகத் தோல்பரப்பு உடையது, சூட்டை வேகமாக இழக்கும். ஒரு குளிர்ந்த காலையில் விரல் மரத்துப்போய் அழுத பிள்ளையை மறுநாள் அதே இடத்துக்கு அழைத்துப்போவது லேசான காரியமில்லை. மார்ச் நடுவில் பகல் 12 மணி நேரமாகிவிடுகிறது. மதியத்துக்கு மேல் பனி இளகிக் கூழாகும் என்று தேர்ந்த சறுக்குக்காரர்கள் குறைப்படுவார்கள். அந்த நேரத்தில் நம் பிள்ளை சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருக்கும். ஐந்து வயதுக்குக் கீழ் என்றால் என் வாக்கு மார்ச்சுக்கு.

அதற்கு ஒரு நிபந்தனை, உயரம். இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. 2023 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் அடெல்போடனில் உலகக் கோப்பைப் பந்தயம் நடந்தபோது, சுற்றிலும் பச்சையும் பழுப்புமாக இருந்த மலையில் செயற்கைப் பனி கொட்டிய ஒற்றைப் பட்டையில்தான் வீரர்கள் இறங்கினார்கள். அதே ஆண்டு ‘நேச்சர் கிளைமேட் சேஞ்ச்’ இதழில் வந்த ஓர் ஆய்வு ஐரோப்பாவின் 2,234 பனிச்சறுக்கு ஊர்களைக் கணக்கில் எடுத்தது. புவி வெப்பம் 2 டிகிரி கூடினால் செயற்கைப் பனி இல்லாத நிலையில் 53 சதவீத ஊர்களில் பனித் தட்டுப்பாட்டு அபாயம் மிகக் கடுமையாகும் என்றது. சரிவுகளில் பாதிக்குச் செயற்கைப் பனி அடித்தால் அது 27 சதவீதமாகக் குறையும். மாதக் குடித்தனக்காரருக்கு இதன் பொருள் எளிது: 1,000 மீட்டரில் மட்டுமே சரிவு வைத்திருக்கும் ஊரை மார்ச்சுக்கு நம்ப முடியாது.

அப்படியானால் உயரத்துக்குப் போய்விடலாமே என்று தோன்றும். ஐரோப்பாவிலேயே உயரமான பனிச்சறுக்கு ஊர் வால் தோரன்ஸ், 2,300 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கு. 2,500 மீட்டருக்கு மேல் தங்கும்போது உயர நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது என்பது மருத்துவர்களின் பொதுவான எல்லை. அதற்குக் கீழேயும் முதல் சில இரவுகள் தூக்கம் கலையும். பெரியவர் தலைவலி என்று சொல்வார். மூன்று வயதுக் குழந்தை சொல்லாது. சாப்பிட மறுக்கும், சிணுங்கும், இரவில் விழித்துக்கொள்ளும். அதை அடம் என்று எடுத்துக்கொள்கிற பெற்றோர் ஏராளம். சென்னையிலிருந்தோ துபாயிலிருந்தோ விமானம் ஏறி அதே நாளில் 2,300 மீட்டரில் படுக்கப் போகிற குடும்பத்துக்கு, வழியில் ஜெனீவாவிலோ கிரெனோபிளிலோ ஓர் இரவு என்பது ஆடம்பரம் ஆகாது. ஷமோனியில் எகுயீ து மிடி கேபிள் கார் 3,777 மீட்டர் வரை ஏறுகிறது. மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை அதில் ஏற்றுவதே இல்லை. ஜலதோஷம் பிடித்த குழந்தையை எந்தக் கேபிள் காரில் ஏற்றினாலும் இறங்கும்போது காது வலிக்கக்கூடும்.

நடுவழி ஒன்று இருக்கிறது. தூங்குவது 1,500 மீட்டருக்குக் கீழே, சறுக்குவது அதற்கு மேல் 1,600 முதல் 2,200 வரை, இரண்டையும் இணைக்க நல்ல லிஃப்டோ ரயிலோ. ஆல்ப்ஸில் இந்த அமைப்புள்ள ஊர்கள் நிறையவே உண்டு. அவற்றுக்குள் எதைப் பிடிப்பது என்பதற்குப் பனி ஊர்களின் வரலாறு உதவும்.

பிரெஞ்சு அரசாங்கம் 1964-லிருந்து 1977 வரை நடத்திய ‘பனித் திட்டம்’ காலியான உயர்நிலங்களில் புத்தம்புது ஊர்களை எழுப்பியது. மார்செல் பிராயர் என்ற பெரிய கட்டடக் கலைஞர் ஃப்ளேனை வடிவமைத்தார், ஷார்லோட் பெரியாண்ட் லேஸார்க்கில் பணியாற்றினார். கட்டடங்களில் சில பிற்காலத்தில் மரபுச் சின்னங்களாகவே ஆகிவிட்டன. வாசலில் காலணி மாட்டினால் நேரே சரிவில் இறங்கலாம், கார் குறுக்கே வராது. இதெல்லாம் வாரப் பயணிக்குச் சொர்க்கம். ஆனால் வீடு? நாலு பேருக்கு என்று விற்கப்படும் 25 சதுர மீட்டர் ஒற்றை அறை, நடைவழியில் இரண்டடுக்குக் கட்டில், சோபாவை இழுத்தால் படுக்கை. ஏழு நாள் அதில் சிரித்துக்கொண்டே இருந்துவிடலாம். பத்தாவது நாள், வெளியே பனிப்புயல், ஒருவர் அலுவலகக் கூட்டத்தில் பேசுகிறார், குழந்தை தூங்க வேண்டும், ஒரே ஒரு கதவு, அதுவும் குளியலறைக் கதவு.

இவற்றுள் அவோரியாஸ் மட்டும் விதிவிலக்கு. 1966-ல் 1,800 மீட்டரில் திறக்கப்பட்ட கார் இல்லாத ஊர் அது. 1968 கிரெனோபிள் ஒலிம்பிக்கில் இரண்டு பதக்கம் வென்ற அன்னி ஃபமோஸ் அங்கே உருவாக்கிய குழந்தைகள் கிராமம், சிறுவர்களுக்குப் பனிச்சறுக்கை விளையாட்டாகச் சொல்லிக்கொடுக்கும் முறைக்கு முன்னோடியானது. தெருவே பனி என்பதால் பிள்ளை வாசலிலேயே சறுக்குவண்டியில் ஏறிக்கொள்ளும். வீடு மட்டும் இரண்டு அறை உள்ளதாகப் பார்த்துப் பிடிக்க வேண்டும்.

பழைய ஊர்கள் வேறு ரகம். சுவிட்சர்லாந்தின் வெங்கன் 1,274 மீட்டரில், பள்ளத்தாக்கின் மேல் திண்ணைபோல நிற்கும் ஊர். லாட்டர்புரூனனிலிருந்து பல்சக்கர ரயிலில் கால் மணி நேரம். சாலை வழியே கார் போக முடியாது. தொடக்கச் சரிவு ஊரின் நடுவில். ஆயிரத்துச் சொச்சம் பேர் ஆண்டு முழுதும் வாழ்கிறார்கள் என்பதால் மளிகைக் கடையும் பள்ளியும் மெய்யானவை. ஆஸ்திரியாவின் செர்ஃபவுஸ் 1,427 மீட்டரில் இன்னொரு அதிசயம்: அந்தச் சின்னக் கிராமத்துக்கு 1985-லிருந்து நான்கு நிலையங்களோடு சொந்தமாக ஒரு பாதாள ரயில் ஓடுகிறது. கார்களை ஊர்முகப்பில் நிறுத்திவிட்டு மலையடிவாரம் வரை அதிலேயே போகலாம். ஊரே குழந்தைகளுக்காக அமைந்தது என்று பெயர் எடுத்தது, விலையும் அதற்கேற்ப. பிரான்சில் சமோயன்ஸ் 700 மீட்டரில் கல்லில் கட்டிய பழைய கிராமம், மேலே 1,600-க்குத் தூக்கிச் செல்லும் லிஃப்ட். கையில் ஸ்கீயும் குழந்தையும் தூக்கிக்கொண்டு தினமும் கேபின் ஏறி இறங்கச் சலிப்பாக இருக்கும் என்பது இதன் குறை. தெருவில் மனிதர்கள் இருப்பார்கள் என்பது நிறை.

ஊரை எடைபோட ஒரு கேள்வி போதும்: நவம்பர் மாதத்தில் அங்கே ரொட்டிக்கடை திறந்திருக்குமா? கோடையும் போய்ப் பனியும் வராத அந்த மாதத்தில் கடை திறந்திருந்தால் அங்கே குடியிருப்பவர்கள் உண்டு. அவர்களுக்காக மருத்துவர், மருந்துக்கடை, நூலகம், நீச்சல்குளம் இருக்கும். அங்கே பிள்ளைக்கு விளையாட்டுத் தோழன் கிடைப்பான். அடுத்த சனிக்கிழமை ஊரைவிட்டுப் போய்விடாத தோழன். இது சிறிய விஷயமாகத் தெரியலாம். மாதம் தங்குகிற குழந்தைக்கு வாரந்தோறும் நண்பர்கள் மாறிக்கொண்டே இருப்பதுதான் மூன்றாம் வாரத்தில் வீட்டு ஞாபகத்தைக் கிளப்பும்.

வீட்டைப் பற்றி விளம்பரங்கள் சொல்லாதவை சில. தொடக்கச் சரிவுக்கும் வாசலுக்கும் உள்ள தூரத்தை நிமிடத்தில் சொல்வார்கள், மீட்டரில் கேளுங்கள். ஸ்கீ காலணி போட்ட நான்கு வயதுக் குழந்தைக்கு 200 மீட்டர் ஓர் இமயம். இடையில் படிக்கட்டு உண்டா என்று கேளுங்கள். ஈரத் துணி உலர்த்த இடம் உண்டா, தொட்டிக் குளியல் உண்டா, படுக்கையறைக்குக் கதவு உண்டா. சமைக்கப் போகிறவர்கள் அடுப்பு எந்த வகை என்றும் கேட்க வேண்டும். 1,800 மீட்டரில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். துவரம்பருப்பு மணிக்கணக்கில் வேகாமல் மிதக்கும். இண்டக்‌ஷன் அடுப்பில் உட்காரும் குக்கர் ஒன்றைப் பெட்டியில் வைத்துவிட்டால் அந்தத் தலைவலி ஒழிந்தது. மலை உணவகங்களில் தினமும் சாப்பிட்டுக் கட்டுப்படியாகாது. பல பிரெஞ்சு ஊர்களில் கட்டுச்சோற்றை உட்கார்ந்து சாப்பிடுவதற்கென்றே சூடான அறை இருக்கிறது. அதை விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது.

பயிற்சி விஷயத்தில்தான் மாதத்தின் உண்மையான லாபம் இருக்கிறது. வாரப் பயணத்தில் பிள்ளை ஐந்து நாள் வகுப்புக்குப் போகும், முதல் மூன்று நாள் அழும், நான்காம் நாள் ஸ்கீயின் முன்பக்கம் குவித்து நிறுத்தக் கற்கும், ஐந்தாம் நாள் பயிற்சிப் பள்ளியின் குட்டிக் கரடிப் பதக்கம் வாங்கும், ஆறாம் நாள் ஊருக்குப் புறப்படும். அடுத்த வருடம் மறுபடி முதலிலிருந்து. மாதம் இருந்தால் இந்த வரிசையைக் கலைத்துவிடலாம். முதல் நான்கைந்து நாள் வகுப்பே வேண்டாம்; காலணியோடு வீட்டுக்குள் நடக்கட்டும், சறுக்குவண்டியில் விளையாடட்டும், உயரம் பழகட்டும். இரண்டாம் வாரம் அரைநாள் வகுப்பு. மூன்றாம் வாரம் வகுப்புக்கு விடுப்பு. விருப்பப்பட்ட நாளில் அம்மாவோடோ அப்பாவோடோ ஒரு மணி நேரம், ஓடும் பட்டை மேல் நின்று ஏறிக் கீழே வருவது. நான்காம் வாரம் மீண்டும் வகுப்பு. இடைவெளி விட்டுப் பழகும் திறமை உடம்பில் நிலைக்கும் என்பது பாட்டோ நீச்சலோ எதைக் கற்றுக்கொடுப்பவருக்கும் தெரிந்தது. ஒரே சிக்கல், குழு வகுப்புகள் வாரத்துக்கு வாரம் புதுக் குழந்தைகளோடும் புதுப் பயிற்சியாளரோடும் தொடங்கும். ஜனவரி, மார்ச் போன்ற காலி மாதங்களில் அதே பயிற்சியாளரைக் கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள். கேட்காதவருக்குக் கிடைக்காது.

பெற்றோர் இருவருமே சறுக்கத் தெரியாதவர்களாக இருந்தால்? சுவிட்சர்லாந்தில் வாழும் சுமார் 50,000 ஈழத்தமிழர் இந்தக் கேள்வியை ஒரு தலைமுறைக்கு முன்பே சந்தித்துவிட்டார்கள். எண்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் பள்ளியின் பனிச்சறுக்கு முகாமுக்குப் போனார்கள். வீட்டில் யாருக்கும் ஸ்கீயைப் பிடிக்கத் தெரியாது. பிள்ளை முகாமிலிருந்து வந்து பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்தது. சறுக்கத் தெரியாத பெற்றோர் மாதத் திட்டத்தில் தாங்களும் ஒரு வாரம் தொடக்க வகுப்பில் சேர்வது நல்லது. விழுவது எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்கள் பிள்ளையை ‘இன்னும் ஒரு தடவை’ என்று வற்புறுத்த மாட்டார்கள்.

செலவுக்கு வருவோம். பெரிய பிரெஞ்சு மலைகளில் பெரியவருக்கு ஒரு நாள் பாஸ் 70 யூரோவைத் தாண்டிவிட்டது. ஆனால் மாதக் குடும்பம் ஆறு நாள் பாஸை நான்கு முறை வாங்குவது வீண். பருவம் முழுமைக்குமான பாஸை இலையுதிர் காலத்திலேயே வாங்கினால் பல இடங்களில் மூன்று வாரப் பாஸின் விலைக்குள் அடங்கும். சுவிட்சர்லாந்தில் 2016-ல் சாஸ் ஃபே பருவப் பாஸை 222 பிராங்குக்கு விற்று எல்லோரையும் அதிரவைத்தது. அடுத்த ஆண்டு பல ஊர்கள் சேர்ந்து ‘மேஜிக் பாஸ்’ என்ற பொதுப் பருவப் பாஸைத் தொடங்கின. சில ஊர்களில் தாயும் தந்தையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் ஒற்றைப் பாஸ் உண்டு. ஒருவர் எப்போதும் குழந்தையோடு இருக்கப் போகிறார் என்பதால் அதைவிடப் பொருத்தமானது வேறில்லை. குழந்தைக்குப் பாஸ் செலவே இராது எனலாம்: பிரான்சில் பெரும்பாலும் ஐந்து வயது வரை, சுவிட்சர்லாந்தில் பல இடங்களில் ஆறு வயது வரை, செர்மாட்டில் ஒன்பது வயது வரை இலவசம். இலவசப் பாஸுக்கும் வயதுச் சான்று கேட்பார்கள்.

கருவிகளைப் பற்றி நிறையப் பேசவேண்டியதில்லை. ஸ்கீயும் காலணியும் பருவ வாடகைக்கு எடுத்தால் வாரக் கணக்கைவிட மிகவும் மலிவு. ஸ்கீயின் நீளம் பிள்ளையின் நெஞ்சுக்கும் தாடைக்கும் இடையில் நிற்க வேண்டும். ஊன்றுகோல் இப்போது வேண்டாம். காலணியை அடுத்த வருடத்துக்கும் ஆகட்டும் என்று பெரிதாக எடுப்பது நம்மூர்ப் பள்ளிச் சீருடைப் பழக்கம். இங்கே அது ஆபத்து. காலணியை ஸ்கீயோடு பிணைக்கும் கட்டுப்பட்டையின் இறுக்கத்தை எடைக்குத் தக்கபடி கடைக்காரர் வைப்பார், நாம் தொடக்கூடாது. சிறுபிள்ளைகளுக்கு முழங்காலுக்குக் கீழ் எலும்பு முறிவதுதான் பனிச்சறுக்கில் அஞ்சவேண்டிய காயம். ஹெல்மெட் சொந்தமாக வாங்கிவிடலாம். இத்தாலி 2025 நவம்பரிலிருந்து எல்லா வயதினருக்கும் அதைக் கட்டாயமாக்கிவிட்டது. கழுத்தில் சால்வை சுற்றி அனுப்பக் கூடாது, லிஃப்டில் மாட்டிக்கொள்ளும். குழல் வடிவக் கழுத்துத் துணி போதும். விரல்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கும் கையுறை இரண்டு ஜோடி. உயரம் 1,000 மீட்டர் கூடும்போது புற ஊதாக் கதிர் 10 சதவீதத்துக்கு மேல் கூடுகிறது, புதுப்பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கிறது. மார்ச் வெயிலில் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் ஒரு நிமிடம்கூடக் கூடாது.

குழந்தை நோயில் படுக்கும் என்பதைத் திட்டத்திலேயே எழுதிவிட வேண்டும். குளிர்காலக் காப்பகத்தில் பல நாட்டுப் பிள்ளைகள் கலந்து விளையாடும் இடத்தில் ஒரு மாதத்தில் ஒரு காய்ச்சலாவது, வயிற்றுப்போக்காவது வரும். அதற்கு நான்கைந்து நாளை ஒதுக்கிவிட்டால் வகுப்புக் கட்டணம் வீணாகிறதே என்ற பதைப்பு இல்லை. மருந்தை ஒரு வாரத்துக்குக் கூடுதலாக வைத்துக்கொள்ளச் சொல்வதற்குக் காரணம் உண்டு: 2018 ஜனவரியில் பனிப்பொழிவும் பனிச்சரிவு அபாயமும் சேர்ந்து செர்மாட்டுக்குப் போகும் சாலையையும் ரயிலையும் முடக்க, 13,000 பயணிகள் உள்ளேயே மாட்டிக்கொண்டார்கள். காப்பீட்டை வரி வரியாகப் படிக்க வேண்டும். சாதாரணப் பயணக் காப்பீடு பல வேளைகளில் பனிச்சறுக்கை விலக்கிவிடும். பிரான்சில் சரிவிலிருந்து அடிபட்டவரைக் கீழே கொண்டுவரும் செலவு அடிபட்டவர் தலையில்தான். இத்தாலியில் மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் சரிவில் இறங்குவதே குற்றம்.

இந்தியப் பாஸ்போர்ட்டோடு போகிறவர்களுக்கு விசா தனி வேலை. ஷெங்கன் விசாவில் 180 நாளில் 90 நாள் என்ற வரம்புக்குள் ஒரு மாதம் தாராளமாக அடங்கும். குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேண்டும். பெரியவருக்குக் கட்டணம் 90 யூரோ, ஆறு வயதுக்குக் கீழ் இலவசம். ஒரு மாதத்துக்கான வீட்டு ஒப்பந்தத்தையும் விடுப்புக் கடிதத்தையும் பார்த்து அதிகாரி கேள்வி கேட்பார் என்று எதிர்பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு தூரம் போவானேன், குல்மார்க் இல்லையா என்று கேட்பவர்களுக்கு: இருக்கிறது, பனி அருமையானது. ஆனால் ஊரே 2,650 மீட்டரில் நிற்கிறது. கோண்டோலா அதற்கு மேல் 3,900-ஐத் தாண்டிப் போகிறது. தேர்ந்த சறுக்குக்காரருக்கு ஆனந்தம், மூன்று வயதுக் குழந்தையோடு ஒரு மாதம் தூங்குவதற்கு உயரம் அதிகம், மழலையர் திடல்களும் குறைவு. நாலைந்து நாள் போய் வரலாம்.

கடைசியாகப் போக்குவரத்து. பிரெஞ்சு மலைப்பகுதிகளில் 2021 முதல் நவம்பர் தொடங்கி மார்ச் முடிய, குறித்த ஊர்களில் காருக்குக் குளிர்கால டயரோ சங்கிலியோ கட்டாயம். ஒரு மாதம் காரை நிறுத்தி வைத்து வாடகை கொடுப்பதைவிட ரயிலில் போவது பெரும்பாலும் லாபம். லேஸார்க்குக்கு பூர்க்-சேன்-மோரீஸ் நிலையத்திலிருந்தே மலைரயில் ஏழு நிமிடத்தில் மேலே கொண்டுவிடும். சனிக்கிழமைகளில் மூத்தியே பக்கத்துச் சாலையில் ஊருக்கு வருகிறவர்களும் போகிறவர்களும் சேர்ந்து மணிக்கணக்கில் நிற்பார்கள். மாதக் குடித்தனக்காரருக்கு அந்த வரிசையில் நிற்கும் கட்டாயம் இல்லை. செவ்வாய்க்கிழமை வந்து செவ்வாய்க்கிழமை புறப்பட வீட்டுக்காரர் சம்மதிப்பாரா என்று முன்பணம் அனுப்புவதற்கு முன்பே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம்.